தலப்பாவுக்கு யார் எஸ்.இ.ஓ. பார்த்தார்கள்?

திண்டுக்கல் சீமையில் புதிதாக ஒரு கடை திறந்தால், போர்டில் பெயின்ட் காய்வதற்குள் சிலர் வந்துவிடுவார்கள். கோயில் திருவிழா நன்கொடை ரசீதோடு ஒருவர், சீட்டுக்கு ஆள் சேர்க்க ஒருவர், பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் கல்லா நிறையும் என்று சொல்லும் எண்கணித நிபுணர் ஒருவர். இந்த வரிசையில் அண்மையில் சேர்ந்தவர் நேரில் வருவதில்லை, போனில் வருகிறார். “சார், உங்க வெப்சைட்டை கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடலாம், மாசம் இவ்வளவுதான்” என்கிறார். எண்கணிதக்காரர் ஒரு எழுத்தைத்தான் கூட்டச் சொல்வார், இவர் நாற்பது சொற்களைக் கூட்டச் சொல்வார். கூகுளே தன் உதவிப் பக்கத்தில், முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும், கேட்காமலே வந்து கதவைத் தட்டும் எஸ்.இ.ஓ. (தேடுபொறியில் மேலே ஏற்றிவிடும் தொழில்) நிறுவனங்களிடம் உஷாராக இருங்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறது. முதல் பக்கத்துக்குப் போகும் சூட்சுமம் தெரிந்தவர் ஏன் ஒவ்வொரு கடைக்காரருக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வியை நாமும் நாகரிகம் கருதிக் கேட்பதில்லை.

அதற்காக இந்தத் தொழில் முழுக்கப் பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. என் வழக்கு வேறு. தேடுபொறியில் ஒருவர் தட்டுவது இரண்டே வகை. ஒன்று, ‘நல்ல பிரியாணி’ என்று தட்டுவது. இன்னொன்று, கடையின் பெயரைத் தட்டுவது. முதல் வகைக்காரருக்கு யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் கடைக்காரர். நாளைக்கு வேறொருவர் மேலே வந்தால் அவர் பக்கம் போய்விடுவார், அதில் துரோகம் ஒன்றுமில்லை. இரண்டாவது வகைக்காரருக்கு நாம் எந்த இடத்தில் இருந்தாலும் ஒன்றுதான். வியாபாரம் நிலைப்பது இரண்டாமவரால். ஆனால் மாதச் சந்தா வாங்குவதெல்லாம் முதலாமவர் பேரில். கணக்கும் உதைக்கிறது: முதல் பக்கத்தில் வழக்கமாக இருந்தவை பத்து இடங்கள். திண்டுக்கல்லில் பிரியாணி விற்கும் அத்தனை பேரும் சந்தா கட்டினாலும் பத்து பத்தாகவேதான் இருக்கும், சந்தா வாங்குகிறவர் கல்லா மட்டுமே கூடும்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு பிரியாணிக் கடை வைத்தார். அவர் வைத்த பெயர் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’. அந்தக் காலத்து எஸ்.இ.ஓ. அது, தடுக்கி விழுந்தால் ஒரு விலாஸ் இருந்த காலம். மனிதர் தலையில் தலப்பா கட்டியிருந்தார். சாப்பிட வந்தவர்கள் போர்டைப் படிக்கவில்லை, தலையைப் பார்த்தார்கள். தலப்பாக்கட்டு கடை, தலப்பாக்கட்டி பிரியாணி என்று ஆனது. இன்றைய ஆலோசகர் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். “தலப்பாக்கட்டு என்று யாருமே தேடுவதில்லை சார், சர்ச் வால்யூம் பூஜ்யம். எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு மாதிரி. ‘திண்டுக்கல் சிறந்த சீரகச் சம்பா மட்டன் பிரியாணி’ என்று மாற்றிவிடலாம்.” அப்படி மாற்றியிருந்தால் இன்று அந்தப் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. மாறாக நடந்தது என்னவென்றால், பெயர் ஊர் ஊராகப் போனது, பின்னாலேயே அதேபோல ஒலிக்கும் பெயர்களும் போயின, பெயரைக் காக்கும் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. திருட வருகிறவன் மதிப்புள்ள பொருளைத்தான் எடுப்பான். ‘சிறந்த பிரியாணி’ என்ற சொற்களைத் திருடியதாக எவர்மேலும் எவரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை, கவனிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் போன வழக்கும் நம்மிடமே உண்டு. பாரத் மேட்ரிமோனி நடத்திய கன்சிம் இன்ஃபோ என்ற சென்னை நிறுவனம் ‘தமிழ் மேட்ரிமோனி’ போன்ற பெயர்களைப் பதிவு செய்து வைத்திருந்தது. தேடுபொறியில் அந்தச் சொற்களைத் தட்டினால் போட்டி நிறுவனங்களின் விளம்பரம் பக்கத்தில் வந்து நிற்கிறது என்று கூகுள்மேலும் போட்டியாளர்கள்மேலும் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. தமிழ் என்பதும் மேட்ரிமோனி என்பதும் பொருளைச் சொல்லும் பொதுச் சொற்கள். வரன் தேடுகிற எல்லாரும் அவற்றைத் தட்டத்தான் செய்வார்கள், வரன் பார்த்துத் தருகிற எல்லாரும் அவற்றைச் சொல்லத்தான் செய்வார்கள். பொருளையே பெயராக வைத்தால் சீக்கிரம் கண்ணில் படலாம், அந்த மட்டுக்கும் அந்தப் பெயர் ஊர்ப்பொது. தலப்பாவோ ஒருவர் தலைக்குத்தான் பொருந்தும்.

இனி அந்த நாற்பது சொற்களின் கதை. கூகுளுக்கு முந்தைய தேடுபொறிகள் ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்குப் பெரிய மதிப்புத் தந்தன. உடனே மனித குலம் ‘பூட்டு, திண்டுக்கல் பூட்டு, பூட்டு திண்டுக்கல், மலிவான பூட்டு’ என்று எழுத ஆரம்பித்தது. வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் எழுதியது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் “பழனி பழனி பழனி” என்று கத்துவதும் இதே வேலைதான், ஆனால் அந்தப் பஸ் உண்மையிலேயே பழனிக்குப் போகும். 1998இல் கம்பெனியான கூகுள், சொல்லை எண்ணுவதோடு நிற்காமல், யார் யார் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்று பார்த்தது. உடனே லிங்க் விற்பனைக்கு வந்தது. பக்கத்துக்குள் ஒளித்து வைக்கும் கீவேர்டுப் பட்டியலைத் தாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ கடைக்காரர்களுக்கு அந்தப் பட்டியல் சிரத்தையாக விற்கப்பட்டது. 2012 ஏப்ரலில் ‘பென்குயின்’ என்ற மாற்றம் வந்து, விலைக்கு வாங்கிய லிங்க்குகளைத் தண்டிக்கத் தொடங்கியது. சில மாதங்களில், இந்த லிங்க்குகளுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கூகுளிடம் எழுதிக் கொடுக்கும் வசதியும் வந்தது. லிங்க் ஏற்றக் காசு வாங்கியவர்கள் இறக்கவும் காசு வாங்கினார்கள். பொருளாதார நூல்களில் இடம்பெற வேண்டிய தொழில்.

இதன் உச்சம் அமெரிக்காவில் நடந்தது. மூக்குக் கண்ணாடி விற்ற ஒரு புரூக்ளின் வெப்சைட்காரர் வாடிக்கையாளர்களை வேண்டுமென்றே திட்டினார், மிரட்டினார். அவர்கள் கொதித்துப் போய் இணையமெங்கும் புகார் எழுத, புகார் கூடக் கூடத் தன் கடை கூகுளில் மேலே ஏறுகிறது என்று 2010இல் நியூயார்க் டைம்ஸ் நிருபரிடம் அவரே பெருமையாகச் சொன்னார். செய்தி வந்த சில நாட்களில் கூகுள் தன் கணக்கை மாற்றியது. நம்மூரில் சில கடைகளில் இந்த முறையை எஸ்.இ.ஓ. பற்றித் தெரியாமலே நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள் என்றாலும், ரேங்க் என்பது கடையின் தரத்தை அளப்பதல்ல, அளவுகோலுக்கு ஏற்றபடி யார் வளைகிறார்கள் என்பதை அளப்பது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

“தலப்பாவுக்கு அறுபது வருடம் இருந்தது. நேற்றுத் திறந்த கடையின் பெயரை யார் தட்டுவார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்து வடமதுரைக்காரருக்கு இது இரட்டைச் சிக்கல், ஊர்ப் பெயரும் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. கோவையில் துடியலூர்ப் பக்கம் ஒரு வடமதுரை, திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம் பக்கம் ஒரு வடமதுரை, இவை போதாதென்று கண்ணன் பிறந்த மதுராவுக்கும் தமிழில் வடமதுரை என்றுதான் பெயர். கண்ணனோடு ரேங்க் போட்டி போட எந்த ஏஜென்சியாலும் முடியாது. ஆனால் இதற்கு மருந்து நாற்பது கீவேர்டு அல்ல. மாவட்டம், பின்கோடு, எந்தச் சாலை, எதற்கு எதிரில், எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள், போன் நம்பர் ஆகியவற்றை கூகுள் மேப்பில் சரியாகப் போட்டுவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. அதற்குக் கட்டணமும் இல்லை. அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தூரம், பிரபலம் என மூன்றைப் பார்ப்பதாக கூகுள் சொல்கிறது. இதில் தூரத்தை யாராலும் ஆப்டிமைஸ் பண்ண முடியாது, கடையைப் பெயர்த்து நான்குவழிச் சாலையோரம் வைத்தால் ஒழிய. கடைப் பெயருக்குள் ‘சிறந்த’, ‘மலிவான’, ‘ஒரிஜினல்’ என்று திணித்தால், அது விதிமீறல் என்று பக்கத்தை முடக்கவும் செய்வார்கள். நியூயார்க்கில் ஒரு உணவகத்துக்கு ‘அருகிலுள்ள தாய்லாந்து உணவு’ என்றே பெயர் வைத்தார்களே, பத்திரிகைகள் எல்லாம் எழுதினவே என்பார்கள். எழுதின, விநோதமாக இருந்ததால் எழுதின. அந்தப் பெயரை அடுத்த தெருவில் இன்னொருவர் வைத்தால், எது அருகில் என்பது மறுபடியும் காலால் நடந்து தீர்க்க வேண்டிய விவகாரம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெயரைச் சம்பாதித்தவருக்கும் நிம்மதி இல்லை: போட்டியாளர் உங்கள் பெயரையே கீவேர்டாக விலைக்கு வாங்கி, உங்களைத் தேடி வருகிறவர் முன்னால் தன் விளம்பரத்தை நிறுத்தலாம். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில், இப்படிப் பெயரைக் கீவேர்டாகப் பயன்படுத்துவதும் வணிகச் சின்னத்தைப் பயன்படுத்துவதுதான் என்று 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் குழப்பமோ வேறு கெடுதலோ இல்லாதவரை அதுமட்டுமே மீறலாகாது என்றும் சொன்னது. ஆகவே தன் பெயரைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். இது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இது பெயர் உள்ளவரின் தலைவலி.

“பிரியாணியை விடுங்கள், எங்கள் வாடிக்கையாளர் முகமே தெரியாத வெளியூர் ஆள், அவர் தேடித்தானே வர வேண்டும்” என்று நூல்மில்காரர்கள் சொல்லலாம். வடமதுரை, வேடசந்தூர் பக்கம் மில்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் சொல்வது சரி. தேடுபொறி நிஜமாகவே உதவுகிற இடம் இதுதான். நூல் வாங்குகிறவர் தேடுவது ‘40 கவுண்ட் கோம்டு ஹோசியரி நூல்’ என்பது போன்ற குறிப்பான ஒன்றை. மில்லின் வெப்சைட்டுக்குப் போனால் அங்கே கவுண்ட் இருக்காது, கார்டடா கோம்டா என்பது இருக்காது, கோன் எடை இருக்காது. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ இருக்கும், கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படம் இருக்கும். கவுண்ட் வாரியாக ஒரு பட்டியலை, படமாக அல்லாமல் எழுத்தாகப் போட்டாலே வருகிறவர் வந்துவிடுவார். வடமதுரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு, அதிலும் தீபாவளிக்கு முந்தைய வாரம், வெளிமாவட்ட வியாபாரிகள் வந்து குவிகிறார்கள். சந்தைக்கென்று கீவேர்டு வாங்கியதாகத் தெரியவில்லை. கிழமை மாறுவதில்லை, இடம் மாறுவதில்லை, ஆடு உண்டு. வெப்சைட்டே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, வெப்சைட்டில் எதைப் போட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, இதெல்லாம் பழங்கதை, இப்போது ஏ.ஐ.தான் பதில் சொல்கிறது என்பார்கள். 2024 முதல் கூகுளே இந்தியாவில் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. சுருக்கம் ஒன்றைத் தருகிறது. பழைய பத்து இடம் இப்போது இரண்டு மூன்று பெயராகச் சுருங்கிவிட்டது என்றும், அந்தப் பதிலுக்குள் உங்கள் பெயரை நுழைத்துவிடுவதாகவும் அதே போன் குரல், எஸ்.இ.ஓ.வுக்குப் பதில் புது மூன்றெழுத்தோடு வருகிறது. அந்த எந்திரம் படிப்பது பத்திரிகைகளும் வாடிக்கையாளர்களும் எழுதி வைத்ததை. “நேத்து நல்ல மட்டன் பிரியாணி, திண்டுக்கல், மலிவு விலை, குடும்பத்துடன் சாப்பிட ஏற்ற இடத்தில் சாப்பிட்டேன்” என்று எழுதுகிற வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. அவர் கடைப் பெயரைத்தான் எழுதுகிறார், பெரும்பாலும் எழுத்துப் பிழையோடு.