துண்டுக்குத் தட்டுப்பாடில்லை

மாண்புமிகு சுகாதார அமைச்சுக்கு மலைநாட்டின் வணக்கம். மருந்து தீர்ந்தாலும் "வெளியில் வாங்கவும்" என்று எழுதிக் கொடுக்கும் துண்டு மட்டும் தீராதபடி பார்த்துக்கொள்கிறீர்களே, அந்தத் திறமைக்கு முதல் மரியாதை. இந்த மாதக் கிளினிக்கிலும் விடியமுன் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் குந்தியிருந்த கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பிரஷர் மாத்திரைக்குப் பதில் துண்டுதான் கிடைத்தது. அதுவும் அவர்களால் வாசிக்க முடியாத மொழியில். என்ன எழுதியிருக்கிறதென்று பார்மசிப் பையனிடம்தான் கேட்டறிய வேண்டும். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு என்று சொல்லியிருந்தால் அந்த அலைச்சலும் மிச்சம்.

1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணத்தை ஒழித்தது உலகம் மெச்சிய காரியம். ஆனால் அன்று வாசலில் எடுபட்ட கட்டணம் இன்று தோட்டத்திலிருந்து த்ரீவீல், ரோட்டிலிருந்து பஸ், டவுனில் பார்மசி என்று வழிநெடுக வசூலாகிறது. எல்லாவற்றிலும் பெரியது, அன்றைக்குப் பேர் விழாமல் நாள் சம்பளம் போவதுதான். 2024 வர்த்தமானிப்படி நாள் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு மேலதிகமாக 200 ரூபாயை அரசே தரும் என்றது. நல்லது. அப்படியென்றால் கிளினிக் போகிறவள் சம்பளத்தையும் இழந்து, அரசு தரும் 200ஐயும் இழக்கிறாள். சீனி வருத்தக்காரியை வைத்தியரிடம் போகாதே என்று காசு கொடுத்துத் தடுப்பதற்கு இலவச சுகாதாரம் என்று பெயர் வைக்க வெட்கமாக இல்லையா? மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. அதற்கும் ஒரு துண்டு எழுதிவிடுங்கள்.

மருந்து வாங்க டொலர் இல்லை என்பீர்கள். 2022இல் அது உண்மை. ஆனால் பேர் போடுவதற்கு டொலர் எதற்கு? 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வருமே என்பீர்கள். வரும், ஆள் விழுந்த பிறகு. விழாமல் காக்கும் மாத்திரைக்கு அது வராது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலையை 2017இல் மோடியே வந்து திறந்தாரே என்பீர்கள். கட்டிடத்தில் குறையில்லை, மேல் டிவிசன் லயத்திலிருந்து அங்கே போய்ச்சேரும் செலவைத்தான் யாரும் திறந்து வைக்கவில்லை. தோட்டத்தில்தான் டிஸ்பென்சரி இருக்கிறதே, அது கம்பனியின் பொறுப்பு என்பது கடைசிப் பதில். ஓட்டுக் கேட்க வரும்போது மட்டும் தோட்டம் கம்பனியுடையதாக இருப்பதில்லையே, ஐயா?

ஆகவே விண்ணப்பம் சிறியது. பிரஷருக்கும் சீனிக்குமான மாத மாத்திரையை அந்த டிஸ்பென்சரியிலேயே வைத்து, மாதம் ஒருமுறை உங்கள் வைத்தியரை அங்கே அனுப்புங்கள். அதுவரை, கிளினிக் கொப்பியில் சீல் விழுந்த நாளுக்குப் பேர் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அந்த 200 ரூபாயும் சேரட்டும். சுற்றறிக்கை அடிக்கத் தாள் இல்லையென்றால், கொடுத்த துண்டுகளைச் சேர்த்து அனுப்புகிறோம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.