அட்டை நகர்த்தும் அன்பர்

சென்னையிலோ பெங்களூரிலோ கணினி உத்தியோகம் பார்த்துவந்து, 2020-ஆம் ஆண்டின் தொற்றுக்காலத்தில் மடிக்கணினியும் கையுமாகச் சொந்த ஊர் திரும்பி, பின்பு ஏதோ பூர்வபுண்ணிய விசேஷத்தால் வீட்டிலிருந்தபடியே சம்பளம் வாங்கும் யோகம் வாய்க்கப்பெற்ற இளைஞர்கள் விருதுநகர்ச் சீமையில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சாதுக்கள். மாடியறையில் தனியே அமர்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைத் தவிர ஊருக்கு யாதொரு உபத்திரவமும் செய்யமாட்டார்கள். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் மட்டும், அலுவலகத்தில் கற்ற வித்தையை ஊருக்கும் பிரயோஜனப்படுத்த வேண்டும் என்னும் பரோபகார சிந்தை மேலிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். மல்லாங்கிணற்றில் அவரை அட்டைத் தம்பி என்பார்கள்.

எக்ஸெல் ஏட்டில் வரிசை வரிசையாகக் கிடக்கும் கணக்கைக் கண்டால் அன்பருக்கு மனம் பொறுக்காது. ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைகள் வீதம் அதில் இடமுண்டு என்பதும், அத்தனையும் மனித சிந்தனையைச் சிறைவைப்பதற்கென்றே ஏற்பட்டவை என்பதும் அவருடைய சித்தாந்தம். ஆகவே அந்தக் கட்டங்களை அப்படியே நகலெடுத்து, மிரோ, மியூரல் என்று வழங்கும் மின்பலகைகளுள் ஒன்றில் ஒட்டுவார். ஒட்டிய மாத்திரத்தில் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் அட்டையாகிவிடும். அந்த அட்டைகளை அவரவர் கைபேசியிலிருந்தே இழுக்கலாம், கூட்டலாம், பிரிக்கலாம், நிறம் மாற்றலாம். அட்டையின் பூர்வோத்தரத்தை யாரேனும் கேட்டுவிட்டால் கேட்டவர் கதி அதோகதிதான். வலுவான பசை செய்யப் புகுந்த ஸ்பென்சர் சில்வர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1968-ல் வலுவற்ற பசையைக் கண்டுபிடித்ததும், அது 1980-ல் மஞ்சள் ஒட்டுச்சீட்டாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததும், அதற்கு முன்பே ஜிரோ கவாகிதா என்னும் ஜப்பானிய மானிடவியல் அறிஞர், களத்தில் சேகரித்த செய்திகளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிப் பரப்பி, இனமானவற்றை இனத்தோடு சேர்க்கும் முறையை வகுத்து 1967-ல் நூலாகவே வெளியிட்டதும் மூச்சுவிடாமல் பிரவாகமாய் வரும்.

இதில் நாம் அவரைக் குறைகூற நியாயமில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய நாள்முதல், தீப்பெட்டி லேபில் என்றும், பட்டாசுச் சுற்றுத்தாள் என்றும், நாட்காட்டி என்றும் தேசம் முழுமைக்கும் காகிதத்தை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருக்கும் சிவகாசிக்கு இத்தனை அருகில் பிறந்தவருக்கு, சீட்டின்மேல் மோகம் பிறவாதிருந்தாலன்றோ ஆச்சரியம்?

அம்மன் கோவிலில் பொங்கல் சாட்டி, ஊர்க் கமிட்டி கூடிய அன்றுதான் அன்பரின் திருவிளையாடல் அரங்கேறிற்று. சாவடிச் சுவரில் எட்டுமுழ வேட்டி ஒன்று கட்டப்பட்டது. எங்கிருந்தோ இரவல் வாங்கிய படக்கருவி அதன்மேல் ஒளி பாய்ச்சியது. விருதுநகர்க் கமிஷன் கடையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு வந்த கணக்கப்பிள்ளை, தலைக்கட்டு வரி நோட்டைக் கக்கத்திலிருந்து எடுக்காமலே முன்வரிசையில் அமர்ந்தார். பெயர், தெரு, வரி, பாக்கி என்னும் நான்கு பத்திகளையும் ஒருங்கே நகலெடுத்து அன்பர் பலகையில் ஒட்டவே, நான்கும் தனித்தனி அட்டைகளாகிச் சிதறி, பெயர் ஒரு புறமும் பாக்கி மறுபுறமுமாக வேட்டி முழுவதும் வியாபித்தன. இருநூற்றுச் சொச்சம் தலைக்கட்டுகளில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது பரம்பொருளுக்கு மட்டுமே வெளிச்சம் என்னும் அந்த நிலை, பாக்கிக்காரர்கள் அனைவருக்கும் பரமானந்தத்தை விளைவித்தது. இம்முறையே என்றென்றும் நீடிக்க வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் பிரேரணையே கொண்டுவந்தார். ஒட்டுவதற்கு முன்பு நான்கு பத்திகளையும் சூத்திரம் போட்டு ஒரே பத்தியாக இணைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ரகசியம் நினைவுக்கு வந்து, அன்பர் மறுபடியும் ஒட்டி முடிப்பதற்குள் இரண்டு சுற்று டீ ஆகிவிட்டது.

அதன் பின்னர்தான் உண்மையான விவகாரம் தொடங்கிற்று. நோட்டில் பதினேழாம் வரிசையில் இருப்பதைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் வரிசை அட்டையானதும், அட்டை ஆளாகிவிடுகிறது. ஆளாகிவிட்டால் அதற்கு மேலிடம், கீழிடம், பக்கத்து இடம் என்னும் மானாபிமானங்களும் வந்துவிடுகின்றன.

“என் சீட்டை யாருடா அவன் சீட்டுக்குக் கீழ கொண்டுபோனது?” என்று ஒரு பெரியவர் எழுந்தார்.

“அண்ணாச்சி, தெருவாரியா அடுக்கியிருக்கு, அம்புட்டுத்தான்” என்றார் அன்பர்.

“தெரு எங்க தாத்தா காலத்துல எங்க பக்கமிருந்துதான் ஆரம்பிக்கும்.”

பலகையில் மூன்று பத்திகள் வகுத்து, செய்யவேண்டியது, நடந்துகொண்டிருப்பது, முடிந்தது என்று அன்பர் தலைப்பிட்டிருந்தார். பந்தல், மேளம், மைக்செட், முளைப்பாரி, வாணவேடிக்கை என ஒவ்வொன்றும் ஓர் அட்டை. அட்டையை இடமிருந்து வலமாக நகர்த்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தில் காரியத்தையே செய்து முடித்துவிட்டதாக ஒரு திருப்தி உண்டாவதுதான் இந்த வித்தையின் பெரிய அபாயம். பட்டாசு ஆபீஸில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அரிது. ஆதலால் வாணவேடிக்கைக்கு வேறு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணி, தத்தம் கைபேசியிலிருந்து அந்த அட்டையை ஆளுக்கு ஒரு தள்ளுத் தள்ள, அது மறுநாள் காலையிலேயே ‘முடிந்தது’ பத்தியின் உச்சியில் பச்சை நிறத்தோடு வீற்றிருந்தது. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு கணக்கப்பிள்ளை யதேச்சையாக விசாரித்தபோது, சிவகாசிக்கு ஒரு பிராணியும் பேசவில்லை என்பது வெளிப்பட்டது. அவர் தம்முடைய பட்டன் போனை எடுத்து இரண்டே நிமிஷத்தில் அதை முடித்தார்.

எனினும், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அன்னதான உபயகாரர்களின் அட்டைகளை நாள்வாரியாகச் சேர்த்த கணத்தில், வெள்ளிக்கிழமை இராத்திரிக்கு இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருப்பதும், சனிக்கிழமைக்கு ஒருவருமே இல்லாததும் பளிச்சென்று புலப்பட்டன. பெயர்வாரியாக எழுதிய எக்ஸெல் ஏட்டிலும் தெருவாரியாக எழுதிய நோட்டிலும் ஒளிந்துகிடந்த அந்த உண்மையைக் கண்டு சாவடியே ஒரு கணம் வாயடைத்துப் போயிற்று. இருவரில் ஒருவரைச் சனிக்கிழமைக்குச் சம்மதிக்கச் செய்ய ஒன்றரை மணி நேரமாயிற்று என்பது வேறு சங்கதி. அட்டையை நகர்த்துவதுபோல் ஆசாமியை நகர்த்த எந்தக் கம்பெனியும் இன்னும் வழி கண்டபாடில்லை.

பொங்கல் முடிந்து வரவுசெலவு பார்த்தபோது இன்னொரு சங்கடமும் தலைகாட்டியது. அட்டைகளில் செய்த திருத்தம் எதுவும் எக்ஸெல் ஏட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஒட்டிய அன்று இருந்தபடியே அது நிர்விசாரமாக இருந்தது. கணக்கப்பிள்ளையின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து அன்பர் இராத்திரியெல்லாம் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. அருகே அமர்ந்து தொகை வாசித்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை, ஒரு கட்டத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“தம்பி, ஆவணியில பேத்தி கல்யாணம் வருது. எங்க வீட்டு மொய் நோட்டையும் இப்படி ஒட்டிக் குடுத்துரு. திருப்பிச் செய்யாதவன் சீட்டெல்லாம் சிவப்பா இருக்கட்டும். எம் மச்சினன் சீட்டை மட்டும் உச்சியில வச்சு, எவனும் நகத்த முடியாதபடி பூட்டிப்புடு.”