சைக்கிள் காவடி: ஒரு சேற்று சரித்திரம்

பழனிக்குப் பக்கத்து ஊரான பாலசமுத்திரத்தில் காவடி ஒன்றும் அதிசயமில்லை. இரண்டு மலைகளைத் தோளில் தூக்கி வந்த இடும்பனே எங்கள் வட்டாரத்து ஆள்தான். ஐரோப்பாவில் நல்ல சைக்கிளை ஓட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடுகிறார்கள், அதற்கு சைக்ளோகிராஸ் என்று பெயர் என்றால் நாங்கள் கேட்கக்கூடியது ஒன்றுதான்: “என்ன வேண்டுதலாம்?”

ஆரம்பித்து வைத்தவர் டேனியல் கூசோ என்கிற பிரெஞ்சு ராணுவ வீரர். குதிரையில் போன சகாக்களை சைக்கிளில் காட்டுக்குள் துரத்தினார் என்பது கதை. குதிரை வேலியைத் தாண்டும், சைக்கிள் தாண்டுமா? இறங்கினார், தூக்கினார், ஓடினார், ஏறினார். விவரமானவர் அன்றோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவரோ 1902இல் பிரான்சுக்கே சாம்பியன் போட்டி நடத்திவிட்டார்.

1910இல் டூர் டி பிரான்ஸை ஜெயித்த ஒக்டாவ் லாபீஸ், குளிர்காலத்தில் இப்படிப் புரண்டு பழகியதுதான் கைகொடுத்தது என்றார். போதாதா? ரோட்டில் சும்மா போய்க்கொண்டிருந்தவர்களும் சேற்றில் இறங்கிவிட்டார்கள். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில். 1947 டூரை வென்ற ஜான் ரோபிக்தான் ஜெயித்தார். 1958 வரை 9 பட்டங்களும் பிரெஞ்சுக்காரர்களுக்கே. வீட்டுக் கல்யாணத்தில் வீட்டுக்காரரே முதல் பந்தியில் உட்கார்ந்த கணக்கு.

பிறகு பெல்ஜியக்காரர்கள் வந்தார்கள். 1966 முதல் 1973 வரை எரிக் டி விளமிங்க் மட்டும் 7 பட்டங்களை அள்ளினார். 1989இல் உலக சாம்பியனான டானி டி பி, குறுக்கே நட்ட பலகைகளில் இறங்கும் சிரமமே வேண்டாமென்று சைக்கிளோடு துள்ளித் தாண்டினார். 2016இல் ஒரு பெல்ஜிய வீராங்கனையின் சைக்கிளுக்குள் மோட்டாரே இருந்தது. அது நண்பருடைய சைக்கிள் என்று சொல்லிப் பார்த்தார். கிடைத்தது 6 வருடத் தடை.

இன்றைய ராஜா நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல். அப்பா 1996 உலக சாம்பியன். தாத்தா ரேமோன் பூலிடோர் டூரில் 8 முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும், அதில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போடாதவர். பேரன் 2021இல் அதைப் போட்டார். 2025இல் டி விளமிங்கின் 7 பட்டங்களையும் எட்டிப் பிடித்தார்.

புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு சுற்று சுமார் 3 கிலோமீட்டர். ஆண்களுக்குப் பந்தயம் ஒரு மணி நேரம். பலகையின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மிகாது, டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மிகாது. புறப்பட்ட முதல் நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். பாதை சட்டென்று குறுகும், பின்னால் மாட்டியவர் பாடு திண்டாட்டம். ஓட்டுபவரை மட்டுமல்ல, மெக்கானிக்கையும் கவனியுங்கள். சேறப்பிய சைக்கிளை வாங்கிக்கொண்டு கழுவியதைக் கொடுப்பார், அடுத்த முறை வருவதற்குள் முன்னதைப் பீய்ச்சித் தண்ணீர் அடித்துத் தயாராக வைத்திருப்பார். தெருவில் நிற்கிற நம் சைக்கிளுக்கு ஆயுத பூஜைக்குத்தான் குளியல்.

சீசன் நம் ஐப்பசி மழையோடு சூடு பிடிக்கும். உலகப் போட்டி தை மாதத்தில் வரும். ஆண்களின் பந்தயத்துக்கு மட்டும் டிவியைப் போடாதீர்கள், பெண்கள் பந்தயமும் உண்டு. வான் டெர் பூல் 7ஐத் தொடுவதற்கு மூன்று வருடம் முன்பே, 2022இல், தன் 8வது பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டவர் மரியான வோஸ் என்கிற பெண்மணி.