குண்டடம் வட்டாரத்தில் பழைய யானைத் துப்பாக்கி: கொள்முதல் குறித்த ஓர் ஆய்வு

முருங்கைக்காய் விலை, சின்ன வெங்காயப் பட்டறை, உப்பாறு அணைக்குப் பி.ஏ.பி. தண்ணீர் வருமா வராதா ஆகிய பொருள்கள் குறித்துக் குண்டடம் வட்டாரத்தில் எண்ணற்ற வாய்மொழி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பேக்கரி பெஞ்சுகளில் அன்றாடம் நடந்தும் வருகின்றன. ஆனால் யானையைச் சாய்ப்பதற்கென்றே செய்த பழைய ரைபிள் ஒன்றைத் தோட்டத்துக்காரர் ஒருவர் வாங்கலாமா என்பதைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வைத் தூண்டியவர் என் மாமா. பல்லடம்–தாராபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தோட்டம் வைத்திருப்பவர். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு குடும்பம் பாகம் பிரித்தபோது, யாருக்கும் வேண்டாத பொருளாக .470 இரட்டைக்குழல் ரைபிள் ஒன்று மிஞ்சியிருக்கிறது. “ஏனுங் மாப்ள, நீங்க நாலெழுத்துப் படிச்சவிங்க. அதைய வாங்கிப் போட்டா என்னுங்?” என்று கேட்டார். எதைச் சுடுவது என்பது பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல் தரவு இது.

முதலில் அளவை இயல். தோட்டத்துக்காரர்களுக்குப் பழக்கமான துப்பாக்கி பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் கச்சிதமாக இறங்குமோ அதுவே பன்னிரண்டு போர். உருண்டை ஏறத்தாழ 38 கிராம். எண் ஏற ஏற உருண்டையும் குழலும் சிறுக்கும். நிட்டிங் மெஷினில் கேஜ் ஏற ஏற ஊசி நெருங்கித் துணி நைசாவதைப் போல. ரைபிளோ இந்த வழிக்கு வராது. அதை மெஷினின் டயாவைப் போல நேராக அங்குலத்தில் சொல்வார்கள். .470 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 470 பங்கு, சுமார் 12 மில்லிமீட்டர். திருப்பூர்க்காரர் ஒருவருக்கு இரண்டு வாக்கியத்தில் விளங்கிவிடுகிற விஷயம் இது. துப்பாக்கிப் புத்தகங்கள் இதற்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்கின்றன.

அந்த 470 எப்படி வந்தது என்பது ஒரு சர்க்கார் கதை. அதற்கு முன் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் செல்லப் பிள்ளை .450 தான். பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் அதே அளவு. வேட்டைத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போனால் அந்தத் துப்பாக்கிகளுக்குத் தீனியாகிவிடும் என்று பயந்து, 1907-ஐ ஒட்டி பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450-க்குத் தடை போட்டது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் அசரவில்லை. .465, .470, .475 என்று வரிசையாகப் புதிது செய்து அனுப்பின. பெயரளவில் அரை மில்லிமீட்டர் கூடியதும் ராஜ துரோகம் நீங்கிவிட்டது. சுதந்திர இந்தியாவும் இந்தத் தர்க்கத்தைக் கைவிடவில்லை. பட்டாளத் தோட்டா இறங்கும் .303 இன்று சாமானியருக்குக் கிடைக்காத தடைப் பட்டியலில் இருக்கிறது. அதைப் போல இரண்டு பங்குக்கும் மேல் வலுவான .470 அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, வாங்கச் சட்டத்தில் இடம் உண்டு. மாமா முதல் சுற்றில் வென்றார்.

இனி பௌதிகம். .470-இன் குண்டு 32 கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 655 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் ஏழாயிரம் ஜூலுக்குச் சற்றுக் குறைவு. நியூட்டன் சொன்னபடி இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அது சுடுகிறவரின் தோள். ஐந்து கிலோ ரைபிளாக இருந்தால் எழுபது ஜூல் அளவுக்குப் பின்னுதை வரும். ஐந்து கிலோ படிக்கல்லை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டுக்கொள்வதற்கு ஏறத்தாழச் சமம். மாமாவுக்கு ஏற்கெனவே வலது தோளில் வாயுப் பிடிப்பு. மாமாவின் சட்டைக்குள் இருப்பதோ கை வைத்த பனியன் ஒன்றுதான். திருப்பூர் எத்தனையோ ரகத் துணி நெய்தும் இந்த உதைக்கு ஈடுகொடுக்க அதில் ஒன்றுமில்லை.

பெரிய குழல் இல்லாமல் பெரிய வேட்டை இல்லை என்ற வாதத்தையும் பரிசீலிக்க வேண்டும். நானூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை வீழ்த்தியதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிள் வெறும் .275. ஆயிரம் யானைகளுக்கு மேல் சுட்ட ‘கரமோஜோ’ பெல், அவற்றில் பெரும்பாலானவற்றை அதே அளவு ரைபிளால்தான் சுட்டார். நமக்குப் பக்கத்தில், சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அது கொஞ்சம் கனமானதுதான், ஆனாலும் நம் .470-க்குத் தம்பி. எந்த இடத்தில் சுட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குக் குழல் பெரிதாக இருக்க அவசியமில்லை, தெரியாதவர்களுக்குப் பெரிதாக இருந்தும் பிரயோஜனமில்லை. மாமா எந்த வகை என்பதை உறவு கருதி இங்கே எழுதவில்லை.

இப்போது ஆய்வின் மையப் பகுதி: குண்டடம் வட்டாரத்தில் சுடத்தக்கது எது?

யானை இல்லை. இந்தப் பக்கத்து யானைகள் உடுமலைக்கு அப்பால் ஆனைமலையில் இருக்கின்றன. அங்கிருந்து மக்காச்சோளக் காடுகளையும் காற்றாலைகளையும் கடந்து குண்டடம் சந்தைக்கு வரும் உத்தேசம் அவற்றுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. வந்தாலும் சுட முடியாது. சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் காக்க 1873-லேயே சட்டம் போட்டுவிட்டது. நீலகிரியில் வேட்டைக்காரர்களே, இப்படியே போனால் சுட ஒன்றும் மிஞ்சாது என்று கண்டு 1877-இல் சங்கம் வைத்தார்கள். இரண்டே ஆண்டில் அதற்கும் ஒரு சட்டம் வந்தது. பிறகு 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மீதிக் கதவையும் சாத்தியது. யானைத் துப்பாக்கி வாங்க நினைப்பவர் ஒன்றரை நூற்றாண்டு தாமதமாகச் சந்தைக்கு வந்திருக்கிறார்.

மயில் உண்டு. விதைத்ததைக் கிளறி, தக்காளியைக் கொத்தி, மோட்டார் ரூம் மேல் நின்று அகவும். 1963 முதல் அது தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. தொட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு. அது போக, முக்கால் டன் எருமையை நிறுத்துவதற்கான குண்டை மயில் மீது விட்டால் எஞ்சுவது இறகு மட்டுமே. அந்த இறகை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காட்டுப்பன்றி விஷயத்தில் மாமாவுக்கு நம்பிக்கை அதிகம். “அதைத்தான் சுடலாம்னு கவர்மெண்டே சொல்லிருச்சுங்களே!” சொன்னது உண்மை. 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை. மாமாவின் பங்கு மனுக் கொடுப்பதோடு முடிகிறது; அதற்கு ஒரு பேனா போதும்.

உண்மையான தொல்லை தெருநாய். இதில் விளையாட்டில்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் பட்டிக்குள் புகுந்து ஒரே ராத்திரியில் பத்து, இருபது செம்மறிகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகின்றன. இழப்பீடு கேட்டு, செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்திப் போராட்டம் நடத்தும் அளவுக்குப் போயிற்று. ஆட்டை நம்பிப் பிழைக்கிறவர் வீட்டில் பத்து ஆடு செத்தால் அந்த வருஷத்துப் பள்ளிக்கூடப் பீஸ் செத்தது. ஆனால் துப்பாக்கி இதற்கு மருந்தாகாது. நாயைச் சுட்டால் மிருகவதைச் சட்டம். இருட்டில், ஆட்டு மந்தைக்கு நடுவில், நாயைக் குறிவைத்து .470-ஐ வெடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டமே தேவையில்லை. நாயைத் துளைத்து, அதற்குப் பின்னால் நிற்கும் ஆட்டைத் துளைத்து, கிளுவை வேலி தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நம்முடையது மேடு பள்ளமில்லாத பூமி. தவறிய குண்டைத் தாங்கி நிறுத்த ஒரு கரடு கூட இல்லாத இடத்தில், அது நிற்பது அடுத்த தோட்டத்து மாட்டிலோ, போர்வெல் பெட்டியிலோ, அதைவிடப் பாவப்பட்ட எதிலோ.

குறி இல்லை என்று நிறுவிய பிறகும் கொள்முதல் நடைமுறையை ஆராயாமல் விடுவது நேர்மையாகாது. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து முடிக்கிற வியாபாரம் இல்லை இது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி முதலில் லைசென்ஸ்: விண்ணப்பம், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பழகியதற்குச் சான்று, வீட்டில் பத்திரமாக வைக்க வசதி உண்டென்ற உறுதிமொழி. ஒருவர் மற்றவருக்கு விற்பதென்றால் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். “குடகுக்காரங்களுக்கு லைசென்சே வேண்டாமாமுங்க?” என்றார் மாமா. அந்த விலக்கு குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்; மாமாவின் நிலம் அந்த வகையில் சேராது.

விண்ணப்பத்தில் ‘என்ன காரணத்துக்காக’ என்றொரு இடம் இருக்கிறது. இங்கே குண்டடத்துக்கென்று ஒரு முன்னுதாரணம் உண்டு. மிளகு மூட்டையோடு வந்த வணிகர் ஒருவர், நோயாளிக் கிழவராக வந்து கஷாயத்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்ட வடுகநாதரிடம், இது பயறு என்று பொய் சொன்னார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பயறாகவே மாறியிருந்தது என்பது கோயில் வரலாறு. அந்தச் சன்னிதி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் மாட்ட ஆசைப்பட்டதை ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதுவது எவ்வளவு உசிதம் என்று யோசிக்க வேண்டும்.

பரிசோதனை அதைவிடச் சிக்கல். குழலுக்குள் வெளிச்சம் விட்டு வரிகள் தேய்ந்திருக்கிறதா, துரு தின்ற குழி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்; துடைத்துப் பார்க்கப் பனியன் வேஸ்ட் இந்த மாவட்டத்தில் கிடைப்பதுபோல் உலகில் எங்கும் கிடைக்காது. குண்டடத்துக்குச் சாதகமாக இந்த ஆய்வில் கிடைத்த ஒரே சான்று இது. ஆனால் இரட்டைக்குழல் ரைபிளின் உயிர் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிப்பதில் இருக்கிறது. செய்யும்போதே ஒரு குறிப்பிட்ட தோட்டாவைச் சுட்டுச் சுட்டுப் பார்த்து, குழல்களின் சாய்வைத் திருத்தி, பற்றவைத்து முடிப்பார்கள். வெயில் நாட்டுக்கென்று வெடிமருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களும் அந்தக் காலத்தில் இருந்தன. சித்திரை மாதத்துக் குண்டடத்தை லண்டன்காரன் கணக்கில் வைத்திருந்தானா என்று அறிய ஒரே வழி, சுட்டுப் பார்ப்பது. சுடத் தோட்டா வேண்டும். இவ்வகைத் தோட்டாவுக்குப் பேர்போன இங்கிலாந்தின் கைனாக் 1970-ஐ ஒட்டித் தயாரிப்பை நிறுத்தியது. பின்னால் வேறு கைகளில் மறுபடி தொடங்கினாலும், இந்தியாவில் 1980-களின் நடுவிலேயே பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டுவிட்டது. நம் அரசு ஆலைகள் .315-க்கும் .30-06-க்கும் தோட்டா செய்கின்றன, .470-க்குச் செய்வதில்லை. ஆக, நல்ல துப்பாக்கியா என்று அறியத் தோட்டா வேண்டும். தோட்டா கிடைக்காததால் நல்லதா கெட்டதா என்பது எப்படியும் ஒன்றுதான்.

அப்படியானால் அது ஆண்டு முழுவதும் என்ன செய்யும்? ஆயுத பூஜையன்று டிராக்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். அடுத்து தேர்தல். தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2019 மக்களவை, அதே ஆண்டுக் கடைசியில் ஊரக உள்ளாட்சி, 2021 சட்டமன்றம், 2024 மக்களவை. ஆப்பிரிக்கக் காட்டெருமையை எதிர்கொள்ளச் செய்த ஆயுதம், டிவிஎஸ் 50-யில் குறுக்கே படுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதும் ரசீதோடு காத்திருந்து திரும்புவதுமாகக் காலம் தள்ளும். மாமாவிடம் இதைச் சொன்னேன். முகம் வாடவில்லை. “ஸ்டேஷன்ல நாலு பேர் பாப்பாங்களல்லோ?” என்றார்.

ஆய்வில் கிடைத்த மிக நேர்மையான வாக்குமூலம் இதுவே. அவருக்கு வேண்டியது துப்பாக்கியல்ல, துப்பாக்கிக்காரர் என்ற பெயர். அதற்காக ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இறக்குமதி நின்றுபோனதால் பழைய சரக்கின் விலை லட்சங்களில் நிற்கிறது. அந்தப் பணத்துக்குப் பட்டியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பி வலை அடித்து, சோலார் விளக்குப் போட்டு, மிச்சத்துக்கு ஒரு கோம்பை நாய்க்குட்டியும் வாங்கலாம்.

தீர்ப்பு: வாங்க வேண்டாம். கம்பி வலை அடியுங்கள். விற்க நினைக்கும் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை: துப்பாக்கி தாத்தா பெயரில் இருந்து, தாத்தாவோடு லைசென்சும் போயிருந்தால், அதைப் பீரோவில் வைத்திருப்பதே குற்றம். வாங்க ஆள் தேடும் முன், பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.