காலர் ஆடுதா நைனா?

இன்னா நைனா, பழவேற்காட்டுக்குப் பூநாரை புடிக்கக் கெளம்பிட்டியாமே? காட்டுக் கலர்ல உனக்கொரு சட்டை, அதே கலர்ல லென்ஸுக்கும் ஒரு சட்டை. பறவைக்கு ஆளு தெரியக்கூடாதாம். அது சரி, கார்ல பாட்டை அலறவிட்டுப் போறியே, அதுக்கு இன்னா சட்டை போடப் போற?

கொஞ்சம் குனி. லென்ஸு இடுப்பைச் சுத்தி ஒரு வளையம் இருக்குதில்ல, ட்ரைபாட் காலரு? அதுக்குக் கீழ இருக்குற காலைப் புடிச்சு ஆட்டிப் பாரு. கடகடங்குதா? படம் கலங்கலா வருதுன்னு போன மாசம்தான் கார்பன் ஃபைபர் ஸ்டாண்டு வாங்கினே. அதுக்கு முன்னால ஸ்டாண்டுத் தலையை மாத்தினே. ஆடுறது காலரு, நீ மாத்துறது ஸ்டாண்டு. கடைக்காரன் புள்ளைங்க நல்லா படிக்கட்டும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்குறவனைப் பாத்திருக்கியே. தண்டு தோள்ல சரியா உக்காந்தாத்தான் நம்ம திருத்தணி மலை 365 படியும் ஏறுவான். முன்பக்கம் சாஞ்சா? பாதிப் படியிலயே மூச்சு வாங்கும். காலரும் அப்படித்தான். கேமராவும் லென்ஸும் சேந்த எடைக்கு நடு எங்கியோ, அங்க புடிக்குது. 600 மில்லிமீட்டர் எஃப்4 லென்ஸுன்னா சும்மாவா? மூணு கிலோ. அதை மாட்டிக்கிட்டு கேமரா அடியில ஸ்டாண்டு ஸ்க்ரூவைத் திருகினா, மொத்த பாரமும் லென்ஸு மாட்டுற வாய்ல தொங்கும்.

காலு ஆடினா முதல்ல ஸ்க்ரூவைப் பாரு. வண்டி அதிர்வுக்கு அது தளரும். சரியான சைஸ் கீ போட்டு இறுக்கு. ஜப்பான்காரன் கூட்டல்குறி ஸ்க்ரூ வேற அளவு; நம்ம ஊரு ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா தலை மழுங்கிடும். திரும்பத் திரும்பக் கழலுதுன்னா, நீலக் கலர் லாக்டைட் ஒரு பொட்டு போதும். செவப்பைப் போட்டுடாத. அப்பால சூடு காட்டாம கழட்ட முடியாது. லென்ஸுக்குச் சூடு காட்டுவியா? பிளாஸ்டிக்குப் பக்கத்துல ரெண்டும் ஓணாம், வெடிப்பு விட்டுடும்.

வளையம் திருப்பும்போது கரகரன்னா, உள்ள மண்ணு. கழட்டுற மாதிரி காலருன்னா கழட்டி, ஊதி, பிரஷ்ஷால தட்டித் துடை. பெரிய லென்ஸு பலதுல காலரு ஒடம்போட சேந்தது. அதைப் பிரிக்காத, மெக்கானிக்கு கிட்ட குடு. எண்ணெய் மட்டும் ஊத்தாதே சாமி! சிலதுல உள்ள ஃபெல்ட் ஒட்டியிருக்கும், எண்ணெய் பட்டா ஒட்டு விட்டுடும். ஃபெல்ட் இல்லாததுல ஊத்தினாலும் அது ஊர்ந்து கண்ணாடிக்குப் போவும். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரேவை இதுக்கும் அடிச்ச ஒரு மகராசன் இருக்கான். பேரு ஓணாம், உனக்குத் தெரிஞ்சவன்தான்.

இன்னொண்ணு. படத்தை நிமித்தணும்னா காலரு குமிழைத் தளத்திட்டுத் திருப்பு. இறுக்கி வச்சிக்கினே முறுக்கினா உள்ள தேயாம இன்னா பண்ணும்?

மா. கிருஷ்ணன்னு ஒருத்தரு இருந்தாரு, அ. மாதவையா புள்ள. யானை மேல ஏறிப் போயி யானையைக் கறுப்பு வெள்ளையில படம் புடிச்சவரு. வேற வேற உறுப்பைச் சேத்துத் தானே ஒரு கேமரா கட்டிக்கினு, அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு கிண்டலா ஒரு பேரும் வச்சாரு. 1970-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்தப் பெட்டியில எந்த ஸ்க்ரூ எங்கன்னு அவருக்குத் தெரியாம இருந்திருக்குமா? உன் லென்ஸுல காலருக்கு எத்தினி ஸ்க்ரூ, சொல்லு பாப்போம். வெலை மட்டும் பைசா சுத்தமா சொல்ற.

பழவேற்காட்டுல உப்புக்காத்து. அலுமினிய வளையமும் எஃகு ஸ்க்ரூவும் உப்புல நனைஞ்சா, ரெண்டும் சேந்து அரிச்சு இறுகிப் போவும். வந்த அன்னிக்கே பிழிஞ்ச ஈரத்துணியால துடைச்சு, அப்பால காஞ்ச துணியால ஒத்து. தூக்கும்போது கேமராவைப் புடிச்சுத் தூக்காத, லென்ஸோட காலைப் புடி.

பூநாரை வரலன்னா கவலப்படாதே, இறாலு வாங்கிக்கினு வா. அதை லென்ஸு பையில மட்டும் போட்டுக்கினு வந்துடாத.