பத்திரமாகத் திருப்பித் தந்தவர்

தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை: நகராட்சித் தலைவருக்கு இவை போதும். 1996-இல் பெரியகுளம் நகராட்சித் தலைவரான ஓ. பன்னீர்செல்வம் இன்னொன்றும் கற்றிருக்க வேண்டும். பொதுச் சொத்தைப் பொறுப்பாய்ப் பார்த்துக்கொண்டு, கேட்டதும் திருப்பிக் கொடுப்பது.

2001-இல் முதன்முறையாகச் சட்டமன்றம் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர்! மூத்தவர்கள் வாயைப் பிளந்து முடிப்பதற்குள், 2002 மார்ச்சில் நாற்காலியை ஜெயலலிதாவிடம் ஒப்படைத்தார். 2014-இல் மறுபடி. அமைச்சர்கள் அழுதுகொண்டே பதவியேற்றார்கள். எட்டு மாதத்தில் நாற்காலி திரும்பியது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

2016 டிசம்பரில் மூன்றாம் முறை. இம்முறை கேட்டது வேறு ஆள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு, 2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் கண்மூடி அமர்ந்தார். எழுந்தபோது பேச்சு வந்திருந்தது; நாற்காலி போயிருந்தது.

2024-இல் ராமநாதபுரத்தில் சுயேச்சை, பலாப்பழச் சின்னம். வாக்குப்பதிவு எந்திரத்தில் அவரோடு சேர்த்து ஆறு ஓ. பன்னீர்செல்வங்கள். எந்தப் பன்னீர்செல்வம் என்று தேடித்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று முறை முதல்வரானபோது வாக்காளருக்கு இந்தச் சிரமமே இருந்ததில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை.