நெப்போலியனைக் குள்ளனாக்கியவர்

நெப்போலியன் என்றதும் மனசில் யார் வந்து நிற்கிறார்? கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு முறைக்கும் ஒரு குள்ளர். சார், அவர் உயரம் ஏறக்குறைய ஐந்தடி ஆறு அங்குலம்! அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களின் சராசரிக்குக் குறைவே இல்லை. பாதி ஐரோப்பாவை வளைத்துப் போட்டவரின் உயரத்தில் கைவைத்தது எந்தப் பேரரசன்? பேரரசனாவது! லண்டனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் குடியிருந்த கார்ட்டூனிஸ்ட்.

பெயர் ஜேம்ஸ் கில்ரே. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போரின் இருநூறாவது ஆண்டான 2015-இல், அவரைப் பற்றி பிரிட்டனில் வெளிவந்த அச்சுப்படங்களைத் திரட்டி பிரிட்டிஷ் மியூசியம் ஒரு கண்காட்சியே வைத்தது. அப்படங்களின் சூப்பர் ஸ்டார் நெப்போலியன் அல்ல, கில்ரேதான்.

1805-இல் அவர் வரைந்த படம் இது. மேஜைமேல் உலக உருண்டை வடிவில் ஆவி பறக்கும் புட்டிங். இந்தப் பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் பிட் அலட்டிக்கொள்ளாமல் பெருங்கடலை வெட்டி எடுக்கிறார். அந்தப் பக்கம் நெப்போலியன், தலையைவிடப் பெரிய தொப்பியோடு, உட்கார்ந்தால் எட்டாது என்று எழுந்து நின்று ஐரோப்பாவை அறுக்கிறார். பங்காளிச் சண்டையில்கூட இத்தனை பசியைப் பார்க்க முடியாது!

1803-இல் இன்னொன்று. மேஜை நாற்காலியெல்லாம் கவிழ்ந்து கிடக்க, 'லிட்டில் போனி', அதாவது நெப்போலியன், காட்டுக்கத்தல் கத்துகிறார். என்ன கோபம்? இங்கிலாந்துப் பத்திரிகைகள் திட்டுகின்றனவாம். ரொம்ப ஓவர் என்கிறீர்களா? நிஜத்திலும் மனுஷன் பிரிட்டிஷ் அரசிடம் புகார் மேல் புகார் கொடுத்தார். அவரைத் திட்டிய பெல்தியே என்ற பத்திரிகையாளர்மேல் லண்டனிலேயே அவதூறு வழக்கு நடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. தண்டனை சொல்வதற்குள் இரு நாட்டுக்கும் போர் மூண்டுவிட்டது!

படத்தில் தன்னைப் பெரிதாக்குவதில் நெப்போலியனும் லேசுப்பட்டவரல்ல. ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதைமேல். டேவிட் வரைந்த ஓவியத்திலோ முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரை! போஸ் கொடுங்கள் என்றாராம் ஓவியர், முடியாது என்றுவிட்டார். முகஜாடை யாருக்கு வேண்டும், கெத்து முக்கியம்.

கில்ரேயைப் புரட்சி வீரர் என்று கொண்டாடவும் அவசரப்படாதீர்கள். 1797 முதல் பிரிட்டிஷ் அரசிடம் கமுக்கமாகப் பென்ஷன் வாங்கினார். கடைசியில் புத்தி பேதலித்து 1815 ஜூன் 1 அன்று இறந்தார். பதினேழே நாளில் வாட்டர்லூ. அவருடைய 'போனி' தோற்றதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

சரி, இத்தனை வருஷம் சிரித்த ஜனம், தோற்றவரைப் பார்த்து ஊளையிட்டதா? அதுதான் இல்லை! பெல்லரோபன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் கைதியாக வந்தவரை ஒரு கண் பார்க்க, படகு படகாகக் கடலில் குவிந்தார்கள். போரில் பிடிபட்ட அவருடைய கோச்சு வண்டியைப் பார்க்க அடுத்த வருஷம் லண்டனில் கூட்டம் அலைமோதியது.

ஆகவே தலைவர்களே, உங்களை யாராவது கார்ட்டூன் போட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். கேஸ் போட்டால் படம் இன்னும் நாலு ஊருக்குப் போகும். இருக்கிற உயரத்திலும் ரெண்டு இன்ச் குறையும்.